ஏழு கடலுக்கு அப்பால் வேப்பிலை

எங்கள் வேப்பம்பட்டுப் பெண்களுக்குப் பிரயாணம் என்றால் மின்சார ரயில்தான். காலையில் ஏறினால் ஆவடி, அம்பத்தூர், சென்ட்ரல். செவ்வாய், வெள்ளியில் புட்லூர் அம்மன். வருஷத்துக்கு ஒருமுறை திருப்பதி. அப்படிப்பட்ட நான் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி, கரீபியன் கடலில் இருக்கும் ஒரு தீவில் பதினெட்டு நாள் தங்கிவிட்டு வந்தேன் என்றால், எதிர் வீட்டு மாமியே இன்னும் நம்பவில்லை. "கோவாவுக்குப் போயிட்டு வந்து கதை விடறியா?" என்கிறார்.

தீவின் பெயர் குவாதலூப். பிரான்சு தேசத்துக்குச் சொந்தமானது. என் நாத்தனாரைப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கொடுத்திருக்கிறது. 1962-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று வழி செய்தார்கள் அல்லவா, அப்படி இருந்துவிட்டவர்கள் அவர்கள். வெகுகாலம் பாரிஸ் பக்கம் இருந்தார்கள். அவள் கணவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. மூன்று வருஷம் முன்பு இந்தத் தீவுக்கு மாற்றலாகிப் போனார்கள். "அண்ணி, ஒரு தடவை வந்து பாருங்க. நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்று போனில் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாத்தனாரின் மைத்துனர் மகன் பாரிஸில் வேலையாக இருக்கிறான். என் பெண்ணுக்கு அவனைப் பேசினார்கள். முறையும் சரி, ஜாதகமும் சரி, பையன் படமும் பெண்ணுக்குப் பிடித்திருந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரே பெண். இவ்வளவு தூரம் அனுப்பினால் நாளைக்குப் பேரன் பேத்தி என்னோடு என்ன பாஷையில் பேசுவார்கள்? என் வீட்டுக்காரர், "நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து முடிவு சொல்லு" என்று சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் கிளம்பினோம்.

வழியில் பாரிஸில் இரண்டு நாள். பையன் வந்து அழைத்துப் போனான். நல்ல மரியாதை, "அத்தை, அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். பாண்டிச்சேரித் தமிழ் நன்றாகவே பேசுகிறான். லா ஷப்பெல் என்று ஓர் இடம், இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முருங்கைக்காய் முதல் மல்லிகைப்பூ வரை கிடைக்கிறது. ஒரு கடையில் என் மகள் தமிழ்ப் பலகையைக் காட்டி ஏதோ கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "எனக்குப் படிக்கத் தெரியாதே" என்றான். எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. அந்த நினைப்போடுதான் ஓர்லி விமான நிலையத்தில் தீவுக்கு விமானம் ஏறினேன்.

வண்ணத்துப்பூச்சித் தீவு

பாரிஸிலிருந்து எட்டரை மணி நேரத்துக்கும் மேலே பறக்க வேண்டும். போய் இறங்கினால் பிரெஞ்சுக் கொடி, யூரோ நாணயம், பிரெஞ்சுத் தபால் பெட்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் வெயிலும், காற்றில் ஈர வாடையும், தென்னை மரமும், வாழைத்தோப்பும், கரும்புக் கொல்லையும் நம் ஊர்தான்! நம்மைவிட அவர்கள் கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கே நாம் காலைக் காபி குடிக்கும்போது இங்கே சாயங்கால விளக்கு ஏற்றும் நேரம்.

வரைபடத்தில் பார்த்தால் தீவு வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி இருக்கிறது. இரண்டு சிறகுக்கும் நடுவில் ஒரு சின்ன உப்பங்கழி. ஒரு சிறகின் பெயர் கிராந்த் தேர், அதாவது பெரிய நிலம். இன்னொன்று பாஸ் தேர், தாழ்ந்த நிலம். வேடிக்கை என்னவென்றால் 'பெரிய நிலம்' சின்னது. 'தாழ்ந்த நிலத்தில்'தான் 1,467 மீட்டர் உயர எரிமலை நிற்கிறது! காற்று மறைவான பக்கத்தை மாலுமிகள் 'தாழ்ந்த' என்று சொல்வார்களாம். அதனால் வந்த பெயர் என்று நாத்தனார் கணவர் விளக்கினார்.

பழைய குடிகள் வைத்த பெயர் காருகேரா. அழகிய நீர்கள் உள்ள தீவு என்று அர்த்தமாம். 1493-ல் கொலம்பஸ் வந்து, ஸ்பெயின் தேசத்து மாதா கோயில் ஒன்றின் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார். அன்னாசிப் பழத்தை ஐரோப்பியர்கள் முதன்முதலில் பார்த்தது இந்தத் தீவில்தான் என்கிறார்கள்.

லா சூஃபிரியேர் என்ற அந்த எரிமலை இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. 1976-ல் அது புகைந்தபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு மாதக்கணக்கில் வேறிடம் போய் இருந்தார்களாம். நாங்கள் போன அன்று மேகம் மூடிக்கொண்டு உச்சியைக் காட்டவே இல்லை. அடிவாரத்துக் காட்டில் மட்டும் கொஞ்ச தூரம் நடந்தோம்.

மூன்று நிறக் கடற்கரை

மெரினா ஒன்றையே பார்த்த எனக்கு இந்தக் கடற்கரைகள் பெரிய ஆச்சரியம். சேந்த் ஆன் என்ற ஊரில் மணல் வெள்ளை வெளேரென்று ரவை மாதிரி இருக்கிறது. கடலுக்குள் பவளப் பாறை அரண் கட்டி நிற்பதால் அலையே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குழந்தைகள் குளத்தில் விளையாடுவதுபோல் விளையாடுகிறார்கள். நானும் சுடிதாரோடு இறங்கிவிட்டேன். என் மகள் போட்டோ எடுத்து உடனே அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள்!

மறு சிறகில் தெஹே என்ற ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையில் மணல் வறுத்த கோதுமை நிறம். இன்னும் தெற்கே மாலந்தூரில் எரிமலைச் சாம்பல் கலந்து கறுப்பு. ஒரே தீவில் மூன்று நிறம். கிழக்கு முனையில் பாறைகள் கோட்டைச் சுவர் மாதிரி நிற்கின்றன. அங்கே அட்லாண்டிக் அலை அறைகிற அறையில் பேச்சுக் குரல் கேட்காது.

கடற்கரையில் பெண்கள் மரத்தொட்டியில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தேங்காய்ப்பால் ஐஸ் செய்து விற்கிறார்கள். எலுமிச்சைத் தோல், பட்டை எல்லாம் சேர்த்த மணம். அதைச் சாப்பிடாமல் வந்தால் போனதே வீண்.

ஒரு எச்சரிக்கை. கடற்கரையில் சில மரங்களின் அடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கும். மான்சினியே என்ற விஷ மரம் அது. பச்சை ஆப்பிள் போலச் சின்னக் காய் காய்க்கும். காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்குக்கூட அதன் கீழே ஒதுங்கக்கூடாது. இலையில் பட்டுச் சொட்டும் தண்ணீரே எரிச்சல் தரும். குழந்தைகளோடு போகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது.

தலையில் மெட்ராஸ்!

பெரிய நகரம் புவாந்த்-அ-பீத்ர். துறைமுகத்தை ஒட்டிய மைதானத்தைச் சுற்றி மரத்தால் மாடி கட்டிய பழைய வீடுகள். அங்கே பெண்கள் விசேஷ நாளில் தலையில் கட்டுகிற கட்டம் போட்ட துணிக்கு என்ன பெயர் தெரியுமா? 'மெட்ராஸ்'! ஆமாம், நம்ம மெட்ராஸேதான். ஐரோப்பிய வியாபாரிகள் நம் பக்கத்துத் தறியிலிருந்து வாங்கிக் கப்பலேற்றிய கட்டத் துணி, அங்கே ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்களின் தலைக்கட்டாகி, இன்று அந்தத் தீவுப் பெண்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் தறிகளில் லுங்கி நெய்கிறார்களே, அதே மாதிரிக் கட்டம்.

அந்தக் கட்டிலும் ஒரு பாஷை உண்டாம். ஒரு முனை நிமிர்ந்திருந்தால் மனசு காலி, இரண்டு என்றால் நிச்சயமாகிவிட்டது, மூன்று என்றால் கல்யாணமானவள். நாலு முனைக்கும் ஒரு அர்த்தம் சொல்கிறார்கள். அதை இங்கே எழுத முடியாது! ஆகஸ்டு மாதம் சமையல்காரப் பெண்களுக்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. தலையில் மெட்ராஸ் கட்டி, கூடை நிறையப் பலகாரத்தோடு மாதா கோயிலுக்கு ஊர்வலம் போவார்களாம். அடுப்படியில் வேகிறவளுக்கும் ஒரு நாள் மாலை மரியாதை!

துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், அடிமைகளின் நினைவாக 2015-ல் பெரிய மண்டபம் கட்டியிருக்கிறார்கள். கறுப்புப் பெட்டி மேல் வெள்ளி வேர்கள் பின்னிய மாதிரித் தோற்றம். இந்த அழகான தீவின் கதையெல்லாம் அந்தச் சர்க்கரையில்தான் ஆரம்பிக்கிறது.

கப்பலேறிப் போனவர்கள்

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளை வைத்துத்தான் கரும்புத் தோட்டம் நடந்தது. 1848-ல் பிரான்சு அடிமை முறையை ஒழித்தது. விடுதலையானவர்களில் பலர் அந்தக் கொல்லைப் பக்கம் திரும்பவில்லை. ஆள் வேண்டுமே! பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் ஜனங்களை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கப்பலேற்றினார்கள். முதல் கப்பல் 'ஒரேலி' 1854 டிசம்பர் 24-ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், புவாந்த்-அ-பீத்ர் வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி மாதக்கணக்கில் வரவேண்டிய வழி. 1889 வரைக்கும் ஏறத்தாழ 42,000 பேர் வந்து இறங்கினார்கள். பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் வந்தார்கள். ஆனாலும் தமிழர்களே அதிகம். சிலர் ஒப்பந்தம் முடிந்து திரும்பினார்கள். ஏராளமானவர் காய்ச்சலிலும் கஷ்டத்திலும் அங்கேயே மாண்டுபோனார்கள். மிஞ்சியவர்கள் அந்த மண்ணிலேயே வேர் விட்டார்கள்.

அவர்கள் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் ஓட்டுரிமைகூடக் கிடையாது. அதற்காக வழக்காடியவர் ஆன்றி சிதம்பரம் என்பவர். 1863-ல் கப்பெஸ்தெர் என்ற ஊரில் பிறந்தவர். 1904-ல் தொடங்கிய வழக்கு 1923-ல்தான் ஜெயித்தது. அதன் பிறகுதான் அந்தத் தீவில் பிறந்த நம் ஜனங்கள் முழுப் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள்.

அந்தக் கப்பெஸ்தெர் பக்கத்தில் ஷாங்ஜி என்ற இடத்தில், நெடுஞ்சாலை ஓரமாகவே, வர்ணம் பூசிய பொம்மைகளோடு ஒரு கோயில் நிற்கிறது. காரிலிருந்து பார்த்ததும் என் மகள், "அம்மா, திருவேற்காடு!" என்று கத்திவிட்டாள். உள்ளே இருப்பது மாரியம்மன். அவர்கள் வாயில் 'மாலியெமின்'. மதுரை வீரன் அங்கே 'மால்தெவிலின்'. பூசை செய்கிறவர் 'வாத்தியாலு'. மத்தளம் 'மத்தலோன்', தப்பு 'தப்பு'வேதான். நம் தெருக்கூத்து மாதிரி இராப்பொழுது முழுக்க ஆடுகிற கூத்துக்கு 'நாத்ரோன்' என்று பெயர். நாடகம்தான் அப்படி ஆகிவிட்டது. தமிழ்ப் பாட்டு, தமிழ் வசனம். ஆனால் பாடுகிறவர்கள் பலருக்கு அர்த்தம் தெரியாதாம். தாத்தா சொல்லிக் கொடுத்த சத்தத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அதைக் கேட்டதும் எனக்குப் பாரிஸ் கடைப் பலகை ஞாபகம் வந்தது.

மசாலாக்காரம்மா கேட்ட கேள்வி

ஊருக்குத் திரும்ப மூன்று நாள் இருக்கும்போது, புவாந்த்-அ-பீத்ர் சந்தைக்கு மசாலா வாங்கப் போனோம். இரும்புக் கூரை போட்ட பழைய சந்தை. வனிலா, ஜாதிக்காய், பட்டை, மஞ்சள் எல்லாம் சின்னச் சின்ன மூட்டையாக அடுக்கி இருக்கிறது. ஒரு கடையில் அறுபத்தைந்து வயசு மதிக்கத்தக்க அம்மாள். தலையில் மெட்ராஸ் கட்டு, கழுத்தில் சிலுவை, முகம் மட்டும் எங்கள் ஊர்ச் சந்தையில் கீரை விற்கிற ஆயா மாதிரியே! என் பொட்டையும் புடவையையும் பார்த்துவிட்டு நாத்தனாரிடம் ஏதோ கேட்டாள்.

"அண்ணி, நீங்க இந்தியாவுல எந்த ஊருன்னு கேக்கறாங்க."

வேப்பம்பட்டு என்றால் யாருக்குத் தெரியும்? மெட்ராஸ் பக்கம் என்று சொல்லச் சொன்னேன். அவள் விடவில்லை, ஊர்ப் பெயரையே கேட்டாள். "வேப்பம்பட்டு. வேப்ப மரம் இருக்கே, அந்த வேப்பம்" என்றேன். நாத்தனார் பிரெஞ்சில் சொல்லுமுன்பே அந்த அம்மாள் கண்ணை அகல விரித்து, "வெப்பெலே?" என்றாள். கடைக்குள்ளே போய் ஒரு கொத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சாட்சாத் வேப்பிலை! அங்கேயும் அம்மை கண்டால், காய்ச்சல் வந்தால் பழைய ஜனங்கள் தேடுவது அதைத்தானாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவளே மாலியெமினுக்கும் நேர்ந்துகொள்வாளாம்.

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். அவள் குடும்பப் பெயருக்கு அர்த்தம் என்ன? அவள் அம்மாவுக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். பிரெஞ்சு எழுத்து. நாத்தனார் வாசித்தாள். "மரிமுத்தூ."

"மாரிமுத்து!" என்று நானும் என் மகளும் ஒரே குரலில் சொன்னோம். மாரி என்றால் மழை, நீங்கள் கும்பிடுகிற அந்த அம்மனேதான். முத்து என்றால் கடலில் எடுக்கிற முத்து, அம்மை முத்துக்கும் அதே பெயர்தான். அந்தத் தாயை வேண்டிப் பிறந்த பிள்ளைக்கு எங்கள் ஊரில் இந்தப் பெயர் வைப்போம் என்று சொன்னேன். நாத்தனார் மெல்ல மெல்லப் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாயின் பெயரைத்தான் நூற்றைம்பது வருஷமாகக் கூடவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள், தெரியாமலே! "மாரி... முத்து..." என்று இரண்டு மூன்று முறை பிரித்துப் பிரித்துச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். மசாலாவுக்குக் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மகள்தான் பேச்சை எடுத்தாள். "அம்மா, அவங்களுக்கு லெட்டர் போட வழியில்ல, திரும்பி வரக் கப்பல் இல்ல, பள்ளிக்கூடத்துல ஃப்ரெஞ்சு மட்டுந்தான். அப்படியும் வேப்பிலையை விடல. எனக்கு எல்லாம் இருக்கே. நான் விட்டுடுவேன்னு ஏன் நினைக்கறே?" என்றாள். பதில் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு நிபந்தனை உருவாகிவிட்டது.

சட்டியில் 'கொலம்போ'

அந்தத் தீவின் முக்கியமான சாப்பாட்டுக்கு 'கொலம்போ' என்று பெயர். இலங்கைக் கொழும்பு என்று நினைக்காதீர்கள். நம் 'குழம்பு'தான் அப்படித் திரிந்தது என்கிறார்கள். கோழியிலும் ஆட்டுக்கறியிலும் செய்கிறார்கள். காய்கறியிலும் பிரமாதமாக வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண்மணி செய்து காட்டிய முறை இது:

தனியா இரண்டு மேஜைக்கரண்டி, சீரகம் ஒரு மேஜைக்கரண்டி, பச்சரிசி ஒரு மேஜைக்கரண்டி, மிளகு, கடுகு, வெந்தயம் தலா ஒரு தேக்கரண்டி, கிராம்பு இரண்டு. தனித்தனியாக வறுத்து, இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூள் சேர்த்துப் பொடி செய்யவும். எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்கி, பொடியில் இரண்டு மேஜைக்கரண்டி போட்டுப் புரட்டி, கத்தரிக்காய், சௌசௌ, பூசணித் துண்டுகளைச் சேர்த்துத் தண்ணீர் விட்டு வேகவிடவும். ஒரு முழுப் பச்சை மிளகாயை உடையாமல் மேலே மிதக்கவிட்டு, வாசனை இறங்கியதும் எடுத்துவிடவும். இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழியவும். புளி கிடையாது, வறுத்த அரிசிதான் குழம்பைக் கெட்டிப்படுத்துகிறது. நம் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

சொர்க்கத்திலும் தண்ணிக் கஷ்டம்

எல்லாமே தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அழகிய நீர்கள் உள்ள தீவு என்ற பெயர். ஆனால் குழாய்கள் பழசாகி, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். நாத்தனார் வீட்டிலும் குடம் குடமாகப் பிடித்து வைத்திருந்தாள். டேங்கர் லாரிக்குக் காத்திருந்து பழகிய எனக்கு அது ஒன்றும் புதிதில்லை!

இன்னொன்று ஆரோக்கியம் சம்பந்தப்பட்டது. 1972-லிருந்து 1993 வரை வாழைத் தோட்டங்களில் குளோர்தெக்கோன் என்ற பூச்சி மருந்து போட்டார்கள். அது மண்ணை விட்டுப் போகவே இல்லை. மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளில் அதிகம் ஏறுகிறது. அதனால் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இலவசமாக மண் சோதனை செய்து தருகிறார்கள். நாத்தனாரும் சோதித்த பிறகுதான் சேப்பங்கிழங்கு நட்டாளாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பிரான்சுக்குச் செல்லும் சாதாரண விசா இந்தத் தீவுக்குத் தானாகச் செல்லாது. பிரெஞ்சுக் கடல் கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பிப்ரவரியில் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவெல்லாம் மேளமும் வேஷமுமாகத் திருவிழா ஊர்வலம் பார்க்கலாம். பருத்திச் சேலையும், கொசுவுக்கு மருந்தும், தொப்பியும் அவசியம். இங்கிலீஷ் அதிகம் செல்லுபடியாகாது. 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லாமல் கடையில் எதையும் கேட்டால் முகம் சுளிப்பார்கள், சொல்லிவிட்டால் உபசாரம்தான்.

ஊர் திரும்பியதும் சம்மதம் சொல்லிவிட்டோம். வருகிற தை மாதம் கல்யாணம். சீர் வரிசை பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை. நான்தான் மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டேன், தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. சரி என்றார். வாரம் ஒரு பக்கம் கையால் எழுதி, போட்டோ பிடித்து எனக்கு அனுப்புகிறார். பத்தாவதோடு நின்ற நான் வாத்தியாரம்மா ஆகிவிட்டேன்! போன வாரப் பக்கத்தில் 'ழ' வரவேண்டிய எட்டு இடத்தில் 'ள' போட்டிருந்தார். சிவப்பு மையால் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.